‘ரத்தம் எடுக்கறோம்’னு சொன்னா போதுமா? எச்.ஐ.வி. டெஸ்ட்டும் உங்கள் சம்மதமும்: சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனியில் சேர ‘மெடிக்கல்’. வளைகுடா விசாவுக்கு ‘மெடிக்கல்’. ஆபரேஷனுக்கு முன்னால் ‘ரொட்டீன் டெஸ்ட்’. கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே ரத்தப் பரிசோதனை. கையை நீட்டினால் ஊசி குத்துவார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அந்தக் குழாயில் போன ரத்தத்தை எதற்கெல்லாம் சோதித்தார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

ராணிப்பேட்டை மாவட்டம் திமிரி போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆற்காடு - ஆரணி சாலையில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றியிருப்பது தோல் தொழில் பகுதி. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ஷூ ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறவர்களும் ஏதாவது ஒரு கட்டத்தில் மருத்துவப் பரிசோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சின்ன ஊரில் லேபில் வேலை செய்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். ரிசல்ட் கைக்கு வருவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தை அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியின் சம்மதம், ரகசியம் பற்றி இந்தியாவில் இன்று இருக்கும் விதிகள் பலவற்றை வடிவமைத்தது எச்.ஐ.வி.தான். அந்தக் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று, திமிரிக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூர். அந்த 40 ஆண்டுக் கதையை மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம். கேட்டார்களா? சொன்னார்களா? காப்பாற்றினார்களா?

1986: வேலூருக்கு வந்த ரத்த மாதிரிகள்

அமெரிக்காவில் எய்ட்ஸ் பெரிய பீதியாக இருந்த காலம். ‘நம்ம ஊர்ல அதெல்லாம் இல்லை’ என்ற நம்பிக்கை இந்தியாவில் பரவலாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

நிர்மலா சென்னையில் பாலியல் தொழிலாளர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த அரசு இல்லத்துக்குப் போய் ரத்த மாதிரிகள் சேகரித்தார். சேகரித்ததை வைக்க வசதி இல்லாததால் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். சென்னையில் அப்போது எச்.ஐ.வி.யைச் சோதிக்கும் வசதியும் இல்லை. எனவே மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தன. அங்கே வைராலஜி நிபுணர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலைசா முறையில் சோதித்தபோது 6 மாதிரிகள் பாசிட்டிவ் எனத் தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பி மறுபடி சோதித்ததில் அது உறுதியானது. தமிழக சட்டமன்றத்தில் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹெச்.வி.ஹண்டே இதை அறிவித்தார்.

இந்தியாவின் பொது சுகாதார வரலாற்றில் இது மிகப் பெரிய கண்டுபிடிப்பு. சுனிதி சாலமன் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகச் செலவிட்டார். 2015-ல் அவர் மறைந்தார். 2017-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால், எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் அன்று சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது அவர்களுக்குப் புரிந்திருக்காது என்று பல ஆண்டுகள் கழித்து பிபிசி பேட்டியில் நிர்மலாவே வெளிப்படையாகப் பேசினார். அந்தக் காலத்தில் அது விதிவிலக்கான செயலும் இல்லை. ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கவில்லை.

கேட்காமல் எடுத்தால் என்ன நஷ்டம்?

‘கண்டுபிடிச்சது நல்லதுதானே, அப்புறம் என்ன?’ என்று தோன்றலாம். அந்தப் பெண்களுக்கு அடுத்து என்ன நடந்தது என்பதில் பதில் இருக்கிறது.

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலிருந்து விடுவிக்கப்படவில்லை. வெளியே விட்டால் நோய் பரவும் என்பதுதான் காரணம். அன்று சிகிச்சையும் இல்லை. ஆக, டெஸ்ட் ரிசல்ட்டால் அவர்களுக்குக் கிடைத்தது மருந்தல்ல, பூட்டு. பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்களை விடுவிக்க உத்தரவிட்டது.

கோவாவிலும் இதே மனநிலைதான். 1989-ல் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்த தானம் செய்ததன் மூலம் அவருக்குத் தொற்று இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. போலீஸ் அழைத்துப்போனது. 64 நாட்கள் தனிமையில் அடைத்துவைக்கப்பட்டார். எய்ட்ஸ் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் அதிகாரத்தை அந்த மாநிலத்தின் பொது சுகாதாரச் சட்டம் அரசுக்குத் தந்திருந்தது. அவருடைய தாய் வழக்குத் தொடுத்தார். பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்ய மறுத்துவிட்டது. கட்டாயப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் இரண்டுக்கும் வழிசெய்யும் எய்ட்ஸ் தடுப்பு மசோதா அதே 1989-ல் நாடாளுமன்றத்துக்கே வந்தது. கடும் எதிர்ப்பால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அந்த எதிர்ப்புக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருந்தது. டெஸ்ட் எடுத்தால் அடைத்துவைப்பார்கள், வேலை போகும், ஊர் பேசும் என்றால் யார் டெஸ்ட் எடுக்க வருவார்கள்? வராதவருக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியாது. தெரியாமலே பரவும். நோயைக் கட்டுப்படுத்தப் போட்ட பூட்டு நோயைத்தான் காப்பாற்றும்.

சம்மதம் கேட்பது ஏதோ மரியாதைக்காகச் செய்யும் காரியம் இல்லை என்று பொது சுகாதாரத் துறையினர் சொல்வது இதனால்தான். நம்பி வருகிறவர்கள் இருந்தால்தான் டெஸ்ட்டிங் திட்டமே நடக்கும்.

ரகசியம் யாருக்காக?

அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. 1995-ல் சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் உறவினருக்காக ஒருவர் ரத்தம் கொடுக்க முன்வந்தார். சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்தத் தகவல் மருத்துவமனையிலிருந்து வெளியே போனது. நிச்சயிக்கப்பட்ட அவருடைய திருமணம் நின்றது. ஊரில் அவரால் இருக்க முடியவில்லை. அவர் வழக்குப் போட்டார். ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்’ என்ற பெயரில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கு இது.

1998-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மருத்துவ ரகசியத்துக்கும் எல்லை உண்டு என்றது. மணமகளாக வரப்போகும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து இருக்கும்போது அவருடைய உரிமையே மேலானது என்றது. அதோடு நிற்காமல், தொற்று உள்ளவரின் திருமணம் செய்யும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்ற அளவுக்குப் போனது. 2002-ல் 3 நீதிபதிகள் கொண்ட அமர்வு, திருமண உரிமை பற்றிய அந்தக் கருத்துகள் வழக்குக்குத் தேவையில்லாதவை என்று சொல்லி அவற்றை விலக்கியது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? தெரியத்தான் வேண்டும். ஆனால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது, யாருக்கு மட்டும் சொல்வது? இதற்குத் தெளிவான விடை எழுத இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

2017 சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு, கட்டுப்பாடு) சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. முக்கியமான அம்சங்கள்:

- சம்மதம் கட்டாயம் (பிரிவு 5): விவரம் தெரிந்து, வற்புறுத்தல் இல்லாமல் நீங்கள் தரும் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்யக் கூடாது. டெஸ்ட்டுக்கு முன்பும் பின்பும் கவுன்சலிங் தர வேண்டும். ‘எல்லா டெஸ்ட்டுக்கும் சம்மதம்’ என்று எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் வரியால் இது நிறைவேறாது.
- வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது (பிரிவு 3): வேலையில் சேர்க்கவோ, தொடரவோ, சிகிச்சை தரவோ எச்.ஐ.வி. டெஸ்ட்டை முன்நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருப்பதை மட்டும் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதும் தவறு.
- விதிவிலக்குகள் (பிரிவு 6): நீதிமன்ற உத்தரவு, ரத்த வங்கிகளில் தானமாக வரும் ரத்தத்தைச் சோதிப்பது, யாருடைய ரத்தம் என்றே தெரியாதபடி நடத்தும் நோய்க் கண்காணிப்பு ஆய்வு போன்றவற்றுக்கு இந்தச் சம்மதம் தேவையில்லை.
- ரகசியம் (பிரிவு 8): உங்கள் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் தவிர. மருத்துவமனையும் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது.
- வாழ்க்கைத் துணைக்குச் சொல்வது (பிரிவு 9): டாக்டரோ கவுன்சலரோ சொல்லலாம். ஆனால் துணைக்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். நோயாளியே சொல்லும்படி முதலில் கவுன்சலிங் தர வேண்டும். அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியானால், ‘நாங்கள் சொல்லப்போகிறோம்’ என்று அவரிடமே தெரிவித்துவிட்டு, துணையிடம் நேரில் சொல்ல வேண்டும். சொன்னால் வன்முறைக்கு ஆளாவோம் என்று அஞ்சும் பெண்களுக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது.

‘மிஸ்டர் எக்ஸ்’ வழக்கில் குழம்பிக் கிடந்த கேள்விக்கு 9-வது பிரிவுதான் பதில். தெரிய வேண்டியவருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது.

இந்தச் சட்டத்துக்கு விமர்சனமும் உண்டு. சிகிச்சை பற்றிய 14-வது பிரிவு, அரசு ‘இயன்றவரை’ மருந்து வழங்க வேண்டும் என்கிறது. உரிமையாகத் தர வேண்டியதை ஒற்றை வார்த்தையால் சலுகையாக்கிவிட்டார்கள் என்பது எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களின் அமைப்புகள் வைத்த குற்றச்சாட்டு.

‘அப்போ டாக்டருக்குப் பாதுகாப்பு வேண்டாமா?’

நியாயமான கேள்வி. ஆபரேஷன் தியேட்டரில் கத்தியும் ஊசியும் பிடிப்பவர்களுக்கு ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. ‘சுகர் டெஸ்ட்டுக்கு யாரும் சம்மதம் கேக்கறதில்லை, இதுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்கும் மருத்துவர்களும் உண்டு.

முதல் கேள்விக்கு மருத்துவமே பதில் வைத்திருக்கிறது. தொற்று ஏற்பட்ட ஆரம்ப வாரங்களில் டெஸ்ட் நெகட்டிவ் காட்டலாம். இதை ‘விண்டோ பீரியட்’ என்கிறார்கள். ஆக, நெகட்டிவ் ரிசல்ட்டை நம்பி அலட்சியமாக இருப்பதுதான் பெரிய ஆபத்து. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதி, கையுறை முதல் ஊசியை அப்புறப்படுத்துவது வரை ஒரே மாதிரி கவனமாக இருப்பதே சரியான முறை. தவறுதலாக ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். இந்தப் பாதுகாப்பை ஊழியர்களுக்குத் தருவது மருத்துவமனையின் கடமை என்று 2017 சட்டமும் சொல்கிறது.

இரண்டாவது கேள்விக்கு ஊர்தான் பதில். சுகர் இருப்பது தெரிந்தால் டீயில் சர்க்கரையைக் குறைப்பார்கள். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் டம்ளரையே தனியாக வைப்பார்கள். இந்த வித்தியாசம் இருக்கும்வரை இரண்டு டெஸ்ட்டும் ஒன்றாகாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்தத் தராசு நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எல்லா கர்ப்பிணிகளுக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டு. ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் இருக்கிறது. தொற்று இருப்பது தெரிந்து சரியான நேரத்தில் மருந்து தொடங்கினால் குழந்தைக்குப் பரவாமல் பெருமளவு தடுக்கலாம் என்பதால், விளக்கிச் சொன்னால் மறுப்பவர்கள் அரிது.

சாத்தூர்: சொல்லாமல் விட்டதன் விலை

இதுவரை பார்த்தது கேட்காமல் செய்ததன் கதை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் தமிழ்நாடு பார்த்தது. புதிய சட்டம் அமலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம் அது. அதைக் கொடுத்த 19 வயது இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தெரிந்துகொண்டார். உடனே அவராகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. கர்ப்பிணிக்குத் தொற்று உறுதியானது.

விசாரணையில் இன்னொரு தகவல் வெளியானது. அந்த இளைஞர் 2016-லேயே ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் அவரைச் சென்று சேரவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர் மறுபடியும் கையை நீட்டினார். இரண்டாவது முறை சோதனையிலும் தவறு நடந்து, ‘பாதுகாப்பான ரத்தம்’ என்று அது வெளியே போனது.

உண்மை தெரிந்த சில நாட்களில் அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இழப்பீடு வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவருடைய குழந்தை தொற்று இல்லாமல் பிறந்தது என்பதுதான் இதில் ஒரே ஆறுதல்.

ரத்த வங்கி தானமாக வந்த ரத்தத்தைச் சோதிக்க சட்டப்படி தனிச் சம்மதம் தேவையில்லை. அது சரியான விதிவிலக்குதான். ஆனால் சோதித்தவருக்கு, சோதிக்கப்பட்டவரைத் தேடிப் பிடித்து, தனியாக உட்காரவைத்து, சிகிச்சைக்கு வழி காட்டும் கடமை வந்துவிடுகிறது. 2016-ல் அது நடந்திருந்தால், அந்த இளைஞர் மருந்து எடுத்துக்கொண்டு இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம்.

கையெழுத்து யாருடையது?

சம்மதப் பிரச்சினை எச்.ஐ.வி.யோடு முடிவதில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளி பெண் என்றால் ஃபாரம் நேராக ‘வீட்டுக்காரர்’ கைக்குத்தான் போகும். அம்மா, அண்ணன், மாமனார் என்று யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான பதில் சொன்னது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார் மருத்துவர். சிகிச்சை நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டதாகவே இருந்தாலும், சுயநினைவு திரும்பும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்பதும் தீர்ப்பின் முக்கியமான பகுதி.

வாசலில் டெஸ்ட், போனில் ரெக்கார்டு

இப்போது மருத்துவம் வீட்டு வாசலுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். தினக்கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் திண்ணையில் வைத்து சத்தமாகச் சொல்லும் ரிசல்ட் நாலு வீட்டுக்குக் கேட்கும். சுகருக்கு அது பரவாயில்லை. காசநோய்க்கும் மனநலப் பிரச்சினைக்கும்?

இன்னொரு பக்கம் ‘ஆபா’ எனப்படும் டிஜிட்டல் ஹெல்த் அடையாள எண். உங்கள் அனுமதி இருந்தால்தான் ரெக்கார்டைப் பகிர முடியும் என்பது அதன் அடிப்படை விதி. ஆனால் ரிசப்ஷனில் நீட்டப்படும் போனில் ‘அலவ்’ என்று அழுத்துவதும், பொடி எழுத்து ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முந்தைய வரைவுகளில் இருந்ததுபோல உடல்நலத் தகவலுக்கென்று ‘அதிக கவனம் தேவைப்படும் தரவு’ என்ற தனி வகை இல்லை. எச்.ஐ.வி. தகவலுக்கு மட்டும் 2017 சட்டத்தின் 11-வது பிரிவு தனிப் பாதுகாப்பு தருகிறது. மற்ற நோய்களுக்கு அப்படி ஒரு வேலி இன்னும் போடப்படவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

- ரத்தம் எடுக்கும்போது ‘என்னென்ன டெஸ்ட்?’ என்று கேளுங்கள். லிஸ்ட்டைக் காட்டச் சொல்வதில் தவறில்லை.
- கம்பெனி மெடிக்கலில் எச்.ஐ.வி. டெஸ்ட் இருந்தால், எந்த அடிப்படையில் என்று எழுத்தில் கேளுங்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் புகார் அதிகாரி இருக்க வேண்டும். மாநில அளவில் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம்.
- வளைகுடா நாடுகள் பணி விசாவுக்கு இந்த டெஸ்ட்டைக் கட்டாயமாக வைத்திருக்கின்றன. நம் சட்டம் அந்த நாடுகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கே ரத்தம் எடுக்கும் மையத்தைக் கட்டுப்படுத்தும். கவுன்சலிங்கும் ரகசியமும் அங்கேயும் உங்கள் உரிமை. ரிசல்ட் ஏஜென்ட் கைக்குப் போவதற்கு முன் உங்களிடம் வர வேண்டும் என்று கேளுங்கள்.
- ரத்த தானம் செய்யும்போது ஃபாரத்தில் ‘முடிவைத் தெரிவிக்கலாமா?’ என்ற கேள்வி இருக்கும். ‘ஆம்’ என்று குறியுங்கள். சரியான மொபைல் எண் கொடுங்கள். நம்பர் மாறினால் தெரிவியுங்கள்.
- உங்கள் ஃபாரத்தில் நீங்களே கையெழுத்திடுங்கள். வீட்டிலிருக்கும் பெண்களின் ஃபாரத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.
- சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் இலவசமாக, ரகசியமாக டெஸ்ட் செய்யலாம். சொந்த ஊரில் தயக்கமாக இருந்தால் வேறு ஊர் மையத்துக்கும் போகலாம். கட்டணமில்லா உதவி எண்: 1097.

1986-ல் பாசிட்டிவ் என்றால் அந்தப் பெண்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. இன்று நிலைமை வேறு. 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. தொற்றோடு வாழ்பவர்கள் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வேலை பார்த்து, குடும்பம் நடத்த முடியும்.

மருந்து தயாராக இருக்கிறது. அதை வாங்க ஒருவர் பயமில்லாமல் வந்து கையை நீட்ட வேண்டும் என்றால், எதிரே ஊசியோடு நிற்பவர் முதலில் கேட்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.